பேட்டி ஸ்மித்தின் இசைத்தட்டுகளும் உடன் வாசித்தவர்களும்: வாசகர் கேள்வி – பதில்

நியூயார்க் பங்க் இசை (எளிய கார்டுகளில் முரட்டுத்தனமாக வாசிக்கும் ராக் வகை) பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் அமெரிக்கப் பாடகியும் கவிஞருமான பேட்டி ஸ்மித்தைப் பற்றியவையே அதிகம். அவருக்கென்றே இந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டோம்.

கே: ‘பிகாஸ் த நைட்’ மட்டும்தான் கேட்டிருக்கிறேன். பேட்டி ஸ்மித்தை முழுதாகக் கேட்க எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்? வெளிவந்த வரிசையிலேயே கேட்க வேண்டுமா?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

வரிசை தேவையில்லை. முதல் ஆல்பமான ‘ஹார்ஸஸ்’ (1975) தொடங்குவதற்கு நல்ல இடம், ஆனால் முதல் பாட்டிலிருந்து வேண்டாம். நான்காவது பாட்டான ‘ஃப்ரீ மணி’யைப் போடுங்கள். நான்கு நிமிடத்துக்கும் குறைவு. தனிப் பியானோவில் மெதுவாக ஆரம்பித்து, டிரம்ஸ் சேர்ந்து, கடைசியில் மூச்சுவிட இடமில்லாத ஓட்டமாகிவிடும். இவருடைய பாட்டு எப்படிக் கட்டப்படுகிறது என்பது அதில் பிடிபட்டுவிடும். அடுத்து ‘குளோரியா’, பிறகு முழு ஆல்பம். ஒன்பது நிமிடத்துக்கு மேல் போகும் ‘பர்ட்லேண்ட்’ பாட்டை மட்டும் தனியாக, வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

‘ஹார்ஸஸ்’ முடிந்ததும் ‘ஈஸ்டர்’ (1978), பிறகு பதினெட்டு வருடம் தாண்டி ‘கான் அகெய்ன்’ (1996). ‘ரேடியோ எதியோப்பியா’ (1976) நான்காவதாக இருக்கட்டும்.

கேட்கும்போது தட்டின் பின்னட்டையில் உள்ள பெயர்களையும் படியுங்கள். முதல் நான்கு ஆல்பங்களுக்கும் நான்கு வெவ்வேறு புரொடியூசர்கள் (பதிவை வழிநடத்துபவர்கள்): ‘ஹார்ஸஸ்’ ஜான் கேல், ‘ரேடியோ எதியோப்பியா’ ஜாக் டக்ளஸ், ‘ஈஸ்டர்’ ஜிம்மி அயோவின், ‘வேவ்’ (1979) டாட் ரண்ட்கிரென். லென்னி கேயின் கிட்டாரும் ஜே டீ டோஹர்ட்டியின் டிரம்ஸும் நான்கிலும் உண்டு. அப்படியும் ஒவ்வொரு தட்டும் வேறு மாதிரி ஒலிக்கிறது. அந்த அறையில் உடன் இருந்தவர் யார் என்பதை வைத்தே பேட்டி ஸ்மித்தின் ஒவ்வொரு தட்டையும் புரிந்துகொள்ள முடியும் என்பது எங்கள் கருத்து. இந்தப் பகுதி முழுக்க அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறோம்.

கே: ‘ஹார்ஸஸ்’ பதிவின்போது ஜான் கேலுக்கும் பேட்டி ஸ்மித்துக்கும் ஓயாத சண்டை என்கிறார்களே? கேல் அப்படி என்னதான் செய்தார்?
– இசை ஆசிரியர், சென்னை

உரசல் இருந்தது உண்மை. இரண்டு பேருமே அதை மறைத்ததில்லை. இடம் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கட்டிய எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோ, நியூயார்க் கிரீன்விச் வில்லேஜ் பகுதி. காலம் 1975 செப்டம்பர், அக்டோபர். கேல் வேல்ஸ் நாட்டுக்காரர். வயோலா வாசிப்பவர், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

அவர் செய்த முதல் வேலை வாத்தியங்களை மாற்றியது. குழுவினர் கொண்டுவந்த கிட்டார்கள் பழுதாகி, சுருதி நிற்காத நிலையில் இருந்தன. மேடையில் சத்தத்தோடு சத்தமாகப் போய்விடும் இந்தக் குறை, பதிவில் அப்பட்டமாகக் கேட்கும். கிட்டாரின் கழுத்து வளைந்திருந்தால் திறந்த கம்பிகள் சுருதி சேர்ந்த மாதிரியே இருக்கும். மேலே ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் உள்ள குறுக்குக் கம்பி) போனதும் ஸ்வரம் விலகிவிடும். எவ்வளவு முறுக்கினாலும் தீராது. உங்கள் மாணவர்களின் கிட்டாரில் இதைச் சோதிக்கலாம். 12ஆவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எழுப்புங்கள். பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒரே ஸ்வரமாக இருக்க வேண்டும். அழுத்தியது கூடுதலாக ஒலித்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளவேண்டும், குறைவாக ஒலித்தால் முன்னுக்கு. கழுத்தே வளைந்திருந்தால் முதலில் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைச் சரிசெய்ய வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், கழுத்து அமைய நேரம் கொடுங்கள்.

இனி சண்டைக்கு வருவோம். சில பாட்டுகளுக்குத் தந்தி வாத்தியக் கோவை சேர்க்கலாம் என்றார் கேல். ஸ்மித் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அதில் ஸ்மித் சொன்னதே சரி. வயலின்கள் சேர்ந்திருந்தால் ‘ஃப்ரீ மணி’யின் எலும்பு தெரியாமல் போயிருக்கும். ஆனால் வேறொரு விஷயத்தில் கேலுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ‘பர்ட்லேண்ட்’ ஸ்டூடியோவுக்குள் நுழைந்தபோது நான்கு நிமிடக் கவிதை. திரும்பத் திரும்ப எடுக்கவைத்து, ஒவ்வொரு முறையும் இன்னும் போ என்று தள்ளித்தள்ளி, ஒன்பது நிமிடத்துக்கு வளர்த்தது அந்தப் பிடிவாதம்தான். உளவியலாளர் வில்ஹெல்ம் ரைஷ் இறந்தபின் அவருடைய மகன் தகப்பனைத் தேடிக் காத்திருக்கும் காட்சியில் தொடங்கி, வரிகள் அந்த இடத்திலேயே பிறந்து நீள்கின்றன. ரிச்சர்ட் சோலின் பியானோ பின்தொடர்வதைக் கவனியுங்கள். ஸ்மித் எங்கே போவார் என்று சோலுக்குத் தெரியாது, ஆனாலும் ஓர் இடத்தில்கூடத் தவறவிடுவதில்லை.

‘லேண்ட்’ பாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட குரல் பதிவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன. இடது காதில் ஒரு வரி, வலது காதில் இன்னொன்று. ஸ்பீக்கரில் கலங்கலாகத் தோன்றும் இடங்கள் ஹெட்ஃபோனில் பிரிந்து தெளியும். ‘பிரேக் இட் அப்’ பாட்டில் கிட்டார் வாசித்தவர் ‘டெலிவிஷன்’ என்ற ராக் குழுவின் டாம் வெர்லேன். கடைசிப் பாட்டான ‘எலிஜி’ ஹென்ட்ரிக்ஸுக்கான அஞ்சலி. அவர் இறந்த செப்டம்பர் 18ஆம் தேதியிலேயே, அவருடைய ஸ்டூடியோவிலேயே பதிவானது.

கே: ‘ஹார்ஸஸ்’ எல்.பி. தட்டு வாங்கினேன். இரண்டாம் பக்கத்தின் கடைசியில் ‘லேண்ட்’ முடியும்போதும் ‘எலிஜி’யிலும் ‘ஸ’ சத்தம் கரகரக்கிறது. தட்டு கெட்டுப்போனதா?
– வாசகர், திருச்சி

பெரும்பாலும் தட்டில் குறை இருக்காது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது மாறாது, ஆனால் உள்ளே போகப்போகச் சுற்றளவு குறைகிறது. வெளி ஓரத்தில் ஊசிக்கடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளப் பள்ளம் ஓடும். லேபிளுக்குப் பக்கத்தில் சுமார் 21 செ.மீ.தான். அதே சத்தத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி வெட்டியிருப்பதால் ‘ஸ’, ‘ஷ’ போன்ற கூரிய ஒலிகளை ஊசியால் சரியாகத் தொடர முடிவதில்லை. இந்த ஆல்பத்தில் ஒவ்வொரு பக்கமும் இருபது நிமிடத்தைத் தாண்டுவதால் உள்வட்டம் வரை பாட்டு நிரம்பியிருக்கிறது. அதிலும் மிக நெரிசலான ‘லேண்ட்’ அங்கே போய் விழுகிறது.

முதலில் ஊசியைப் பாருங்கள். மென்மையான பிரஷ்ஷால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் தடவுங்கள். பக்கவாட்டில் தேய்த்தால் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு (கான்டிலீவர்) வளைந்துவிடும். அடுத்தது ஊசியின் எடை. ஊசி பொருந்திய தலைப்பகுதியான கார்ட்ரிட்ஜுடன் வந்த தாளில் எவ்வளவு கிராம் என்று போட்டிருக்கும். குறைவாக வைத்தால் தட்டு தேயாது என்று பலர் நினைக்கிறார்கள். எடை போதாத ஊசிதான் பள்ளத்துக்குள் துள்ளிச் சுவரைச் சிதைக்கும். பரிந்துரைத்த எல்லைக்குள் மேல்பாதியில் வையுங்கள். சிறிய டிஜிட்டல் எடைமானி போதும்.

இவ்வளவு செய்தும் கரகரத்தால் கார்ட்ரிட்ஜ் கோணத்தைப் பார்க்க வேண்டும். கோணம் சரிபார்க்கும் புரோடிராக்டர் தாளை அச்சிடும்போது அளவு 100 சதவீதம் என்று இருக்கட்டும், அச்சிட்டபின் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் சுருங்கியிருந்தாலும் அந்தத் தாள் பயன்படாது. பழக்கத்தில் உள்ள ஓர் அளவுமுறையில், மையத்திலிருந்து 66 மி.மீ., 121 மி.மீ. ஆகிய இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நீள்வட்ட முனை ஊசிக்கு மாறினால் அதுவும் பெருமளவு குறையும். உருண்டை முனை ஊசிக்கு உள்வட்டம் எப்போதுமே சிரமம்தான்.

கே: ‘ஹார்ஸஸ்’ அட்டைப்படம் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?
– புகைப்படக் கலைஞர், புதுச்சேரி

எடுத்தவர் ராபர்ட் மேப்பிள்தோர்ப். 1967இல் நியூயார்க்கில் பணமில்லாமல் வந்திறங்கிய ஸ்மித்துக்கு முதலில் காதலராகவும் பிறகு ஆயுள் முழுதும் நண்பராகவும் இருந்தவர். ஃபிப்த் அவென்யூவில் அவருடைய புரவலர் சாம் வாக்ஸ்டாஃபின் குடியிருப்பு, வெள்ளைச் சுவர், ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம். ஸ்டூடியோ விளக்குகள் கிடையாது. சுவரில் ஒரு முக்கோண வெளிச்சம் விழும் நேரம் அவருக்குத் தெரியும், அது மறைவதற்குள் எடுக்க வேண்டும். சட்டையின் வெண்மை தெரியக் கோட்டைக் கழற்றச் சொன்னதும் அவரே, அதைத் தோளில் போட்டுக்கொண்டது ஸ்மித். மொத்தம் எடுத்தது ஒரு டஜன் படங்கள்.

வெள்ளைச் சுவர்முன் வெள்ளைச் சட்டை என்பது மீட்டருக்குப் பெரிய பொறி. கேமராவைத் தன்போக்கில் விட்டால் எல்லாம் சாம்பலாகிவிடும். முகத்தை அளந்து எக்ஸ்போஷர் வையுங்கள், சட்டையின் மடிப்புகள் காணாமல் போகாத அளவுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

படத்தைத் திருத்தி முடியையும் முகத்தையும் ‘சரி’ செய்ய இசைத்தட்டு நிறுவனத்தில் எண்ணினார்கள். ஸ்மித் விடவில்லை. பாடகிகளின் அட்டைப்படம் என்றால் ஒப்பனையும் சிரிப்பும் என்று இருந்த 1975இல், ஒரு பெண் டையைத் தளர்த்திவிட்டு நம்மை நேராகப் பார்க்கிறாள். ‘வேவ்’, ‘ட்ரீம் ஆஃப் லைஃப்’ (1988) அட்டைகளும் மேப்பிள்தோர்ப் எடுத்தவையே. 1989 மார்ச்சில் அவர் எய்ட்ஸ் நோயால் இறந்தார். இருவரின் இளமைக்காலம் பற்றி ஸ்மித் எழுதிய ‘ஜஸ்ட் கிட்ஸ்’ 2010இல் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்ட் பெற்றது.

கே: எங்கள் கல்லூரி பேண்டில் ‘குளோரியா’வும் ‘பிகாஸ் த நைட்’டும் வாசிக்கப் பார்க்கிறோம். கார்ட்ஸ் எளிது, ஆனால் ஒலிநாடாவில் வருகிற வேகம் வரவில்லை. எங்கே தவறு?
– பொறியியல் மாணவர்கள், மதுரை

‘குளோரியா’ முழுக்க மூன்றே கார்ட்: ஈ, டி, ஏ. வான் மாரிசன் எழுதி, தெம் குழு 1964இல் பதிவுசெய்த பாட்டு அது. அதன் தலையில் ஸ்மித் தன் கவிதையைப் பொருத்தினார். தவறு அநேகமாக உங்கள் ஆரம்ப வேகத்தில் இருக்கிறது. கடைசியில் வரும் வேகத்தை மனதில் வைத்து டிரம்மர் முதலிலேயே பாதி வேகம் எடுத்துவிட்டால், ஏறுவதற்கு இடமே மிஞ்சாது.

முதல் பகுதிக்குப் பியானோவோ ஒரே ஒரு கிட்டாரோ போதும், கார்டை ஒரு தடவை தட்டிவிட்டு ஒலிக்க விடுங்கள். பேஸ் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே ஸ்வரம். டிரம்மர் ஹைஹாட்டை மட்டும் தொடட்டும். நிமிடத்துக்கு எழுபது, எண்பது தட்டில் தொடங்கினால் தாராளமாக இடமிருக்கும். வேகத்தைக் கூட்டும் பொறுப்பு பாடுபவருடையது: வரிகள் நெருங்க நெருங்க டிரம்மர் பின்தொடர வேண்டும். ஒத்திகையில் மெட்ரோனோமை அணைத்துவிடுங்கள். பெயரை எழுத்தெழுத்தாகக் கூவும் இடம் வரும்வரை ஸ்னேரை முழு பலத்தில் அடிக்கவே கூடாது. அங்கே முதன்முறையாக எல்லோரும் சேர்ந்து விழுந்தால் அரங்கம் தானாக எழுந்துகொள்ளும். இன்னொன்று, மூன்று கார்ட் பாட்டில் இரண்டு கிட்டாரும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தட்டினால் சேறாகிவிடும். ஒருவர் கீழே திறந்த கார்டுகளிலும் இன்னொருவர் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலும் இருக்கட்டும்.

‘பிகாஸ் த நைட்’ பி மைனர்: பி மைனர், ஜி, ஏ, மீண்டும் பி மைனர். பேரே பிடிக்க விரல் வலித்தால் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு ஏ மைனர், எஃப், ஜி, ஏ மைனர் வடிவங்களில் வாசியுங்கள். எஃப் கார்டைச் சின்ன வடிவில் மெல்லிய நான்கு கம்பிகளில் பிடித்தால் போதும். சரணம் அடங்கி, பல்லவி திறக்க வேண்டிய பாட்டு இது. சரணத்திலேயே சிம்பலை விளாசினால் பல்லவி வந்ததே தெரியாது.

இந்தப் பாட்டு பிறந்த விதமும் வாசிக்க உதவும். 1977இல் நியூயார்க்கில் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் ஆல்பத்துக்காகப் பதிவில் இருந்தார். அங்கே ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்த ஜிம்மி அயோவின்தான் ‘ஈஸ்டர்’ ஆல்பத்துக்குப் புரொடியூசர். ஸ்பிரிங்ஸ்டீனிடம் மெட்டும் பல்லவியும் இருந்தன, சரணம் அமையவில்லை. அயோவின் அந்த ஒலிநாடாவை வாங்கி ஸ்மித்திடம் கொடுத்தார். டெட்ராய்ட்டிலிருந்து காதலர் ஃப்ரெட் ஸ்மித்தின் தொலைபேசிக்காகக் காத்திருந்த ஓர் இரவில் சரண வரிகளை எழுதி முடித்தார் ஸ்மித். ஆகவே சரணம் காத்திருப்பு, பல்லவி சந்திப்பு. அமெரிக்காவில் 13ஆம் இடம், பிரிட்டனில் 5ஆம் இடம் வரை போனது. அவருடைய பாட்டுகளில் இந்த அளவுக்கு ஏறியது இது ஒன்றுதான்.

கே: ‘ரேடியோ எதியோப்பியா’ மோசமான ஆல்பம் என்று பல விமர்சனங்களில் படித்தேன். உண்மையா?
– வாசகர், சேலம்

இல்லை. ஏரோஸ்மித் தட்டுகளைச் செய்த ஜாக் டக்ளஸை அழைத்து, குழுவை முன்னால் நிறுத்திக் கனமாகப் பதிவுசெய்தார்கள். ‘ஹார்ஸஸ்’ மாதிரி இன்னொன்றை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். தலைப்புப் பாட்டு, 1976 ஆகஸ்ட் 9 இரவு பெல் புயல் நியூயார்க்கை நெருங்கியபோது ஸ்டூடியோவில் நேரடியாக ஒரே மூச்சில் வாசித்தது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, ‘ஆஸ்க் த ஏஞ்சல்ஸ்’ பாட்டில் தொடங்குங்கள்.

அதைத் தொடர்ந்து 1977 ஜனவரியில் ஃபுளோரிடாவின் டாம்பா நகர மேடையிலிருந்து ஸ்மித் விழுந்து, கழுத்து முள்ளெலும்புகளில் முறிவு. அந்த ஓய்வுக்குப் பிறகு வந்ததுதான் ‘ஈஸ்டர்’.

கே: அவருடைய முதல் சிங்கிள் எது? அசல் கிடைக்குமா?
– இசைத்தட்டு சேகரிப்பவர், பெங்களூரு

1974 ஜூன் 5, எலெக்ட்ரிக் லேடி. ஒரு பக்கம் ‘ஹே ஜோ’, மறுபக்கம் ‘பிஸ் ஃபேக்டரி’. மெர் என்ற சொந்த லேபிள், மேப்பிள்தோர்ப் கொடுத்த பணம். ‘ஹே ஜோ’வில் டாம் வெர்லேன் கிட்டார் வாசித்தார். டிரம்ஸும் பேஸும் இல்லாத குழுவாக இருந்த காலம் அது. நியூ ஜெர்சியில் பள்ளி வயதில் பார்த்த தொழிற்சாலை வேலையைப் பற்றிய ‘பிஸ் ஃபேக்டரி’யில், இயந்திரத்தின் சீரான ஓட்டத்தைச் சோலின் பியானோ மட்டுமே உண்டாக்குகிறது. பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமல் தாங்களே பதிவுசெய்து, தாங்களே விற்ற இந்தத் தட்டை முதல் பங்க் சிங்கிள் என்று சொல்வோர் உண்டு.

மெர் லேபிள் போட்டதுதான் 1974 அசல். சயர் லேபிள் இருந்தால் 1977 மறுபதிப்பு, விலை மிகவும் குறைவாக இருக்க வேண்டும். கேட்பது மட்டும் நோக்கம் என்றால் ‘லேண்ட்’ (2002) இரட்டைத் தொகுப்பின் இரண்டாம் தட்டில் ‘பிஸ் ஃபேக்டரி’ இருக்கிறது.

கே: ‘கான் அகெய்ன்’ தட்டில் ஜெஃப் பக்லி பாடியிருக்கிறார் என்கிறார்கள். எந்த இடம்?
– வாசகி, கொழும்பு

‘பினீத் த சதர்ன் கிராஸ்’ பாட்டின் கடைசிப் பகுதியில் மேலே மிதக்கும் குரல் அவருடையது. அதே பாட்டில் ஜான் கேலின் ஆர்கனும் உண்டு. இருபது வருடத்துக்கு முந்தைய சண்டைக்காரர் திரும்பி வந்துவிட்டார். ‘ஃபயர்ஃபிளைஸ்’ பாட்டில் பக்லி வாசிப்பது எஸ்ராஜ், வங்காளத்தில் பாட்டுக்குத் துணையாக வாசிக்கும் அதே வில் வாத்தியம். டாம் வெர்லேனும் இந்தத் தட்டில் இருக்கிறார்.

இந்தத் தட்டின் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. 1980இல் ஸ்மித் ஃப்ரெட்டை மணந்து மிச்சிகனுக்குப் போனார், குழந்தைகளை வளர்த்தார். அந்தக் காலத்தில் வந்தது ஒரே ஆல்பம், ஃப்ரெட்டும் அவரும் சேர்ந்து எழுதிய ‘ட்ரீம் ஆஃப் லைஃப்’. 1989இல் மேப்பிள்தோர்ப், 1990இல் பியானோ வாசித்த சோல், 1994 நவம்பரில் ஃப்ரெட், ஒரு மாதத்தில் தம்பி டாட். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஃப்ரெட் கற்றுக்கொடுத்த சில கார்டுகளை வைத்துக்கொண்டு ஸ்மித் தானே அக்கூஸ்டிக் கிட்டாரில் பாட்டு எழுதினார். அதனால்தான் இதன் பல பாட்டுகள் இரண்டு மூன்று கார்டில் நிலைகொண்டு, வேறெங்கும் போகாமல் அங்கேயே சுழல்கின்றன. அந்த அசையாத தன்மைதான் பக்லியின் குரல் பறக்க இடம் தருகிறது.

கே: ஆர்.இ.எம். குழுவின் ‘ஈ-போ த லெட்டர்’ பாட்டில் அந்த நீளமான முனகல் ஒலி எப்படி வருகிறது? என் கிட்டாரில் ஈ-போ சரியாக வேலை செய்யவில்லை.
– வாசகர், கோலாலம்பூர்

1996இல் வந்த அந்தப் பாட்டில் மைக்கேல் ஸ்டைப் கடிதம் வாசிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போக, பின்னாலிருந்து பேட்டி ஸ்மித் இழுத்துப் பாடுகிறார். ஸ்டைப் பதின்வயதில் ‘ஹார்ஸஸ்’ கேட்டே இசைக்கு வந்தவர். அந்த முனகல் பீட்டர் பக்கின் கிட்டார். ஈ-போ என்பது உள்ளங்கையில் அடங்கும் கருவி, 9 வோல்ட் பேட்டரி. உள்ளே ஒரு சுருள் கம்பியின் அதிர்வை உணர, இன்னொரு சுருள் காந்தப்புலத்தால் அதே அதிர்வைத் திரும்பக் கொடுக்கிறது. மீட்டாமலேயே ஸ்வரம் நிற்காமல் ஒலிக்கும்.

காந்தம் என்பதால் எஃகு கம்பி கட்டாயம். நைலான் கம்பியில் வேலையே செய்யாது, வெண்கலம் சுற்றிய அக்கூஸ்டிக் கம்பிகளில் சோர்ந்துபோகும். கருவியின் இரண்டு பள்ளங்களும் பக்கத்துக் கம்பிகளின்மேல் உட்கார வேண்டும், நடுக்கம்பியை எதுவும் தொடக்கூடாது. அழுத்தினால் கரகரக்கும், அதன் எடை மட்டுமே போதும். பிக்கப்புக்கு நேர்மேலே கொண்டுபோனால் சத்தம் திடீரென எகிறும், விலக்கினால் மென்மையாகும். அந்த நகர்த்தல்தான் உங்கள் வால்யூம். கம்பி பேசவே மறுத்தால், இடது கை விரலால் ஒருமுறை தட்டித் தொடங்கிவிடுங்கள். அப்போதும் தயங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது.

கே: இந்தியா தொடர்பான பாட்டு ஏதாவது உண்டா?
– வாசகி, தஞ்சாவூர்

‘டிராம்பின்’ (2004) ஆல்பத்தில் ‘காந்தி’ என்றே ஒரு பாட்டு, ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும். அதே தட்டில் ஈராக் போரைப் பற்றிய ‘ரேடியோ பாக்தாத்’ இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மகள் ஜெஸ்ஸி பியானோ வாசிக்க, தாய் பாடும் தலைப்புப் பாட்டோடு தட்டு முடிகிறது.

அதைவிட நெருக்கமானது ‘பெரடம்’ (2020). சவுண்ட்வாக் கலெக்டிவ் என்ற குழுவோடு அவர் செய்த ‘த பெர்ஃபெக்ட் விஷன்’ என்ற மூன்று தட்டு வரிசையில் கடைசி. அந்தக் குழுவின் ஸ்டீபன் கிராஸ்னியான்ஸ்கி ஓர் எழுத்தாளர் நடந்த நிலத்துக்குப் போய்க் காற்று, கல், தண்ணீர், கோயில்மணி, அங்கே பாடுபவர்கள் என்று பதிவுசெய்து வருவார். பிறகு ஸ்டூடியோவில் அந்த ஒலிகளைக் கேட்டபடி ஸ்மித் வாசிப்பார், இடையிடையே தானே சொல்லிச் சேர்ப்பார். ‘த பெயோட்டி டான்ஸ்’ பிரெஞ்சு எழுத்தாளர் ஆன்டோனன் ஆர்தோவுக்காக மெக்சிகோவின் தாராஹுமாரா மலைகளில். ‘மம்மர் லவ்’ கவிஞர் ரேம்போவுக்காக எதியோப்பியாவின் ஹரார் நகரில். இரண்டும் 2019. ‘பெரடம்’ பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே தோமால் முடிக்காமல் விட்டுப்போன மலையேற்ற நாவலைத் தொட்டு நிற்பது. தோமால் சமஸ்கிருதம் கற்றவர். ஒலிகள் இமயமலைப் பகுதியிலும் காசியிலும் எடுத்தவை. அனுஷ்கா சங்கரும் திபெத்தியக் கலைஞர் டென்ஸின் சோக்யாலும் இதில் பங்கேற்றிருக்கிறார்கள்.

இவற்றைப் பாட்டாக எதிர்பார்த்தால் கிடைக்காது. வேலை செய்துகொண்டே பின்னணியில் ஓடவிட்டால் வெறும் இரைச்சல். இரவில், ஹெட்ஃபோனில், இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டியவை. இந்த வகைக்கு முன்னோடி என்று ‘த கோரல் சீ’யைச் சொல்லலாம். மேப்பிள்தோர்ப்பின் நினைவாக ஸ்மித் எழுதிய நீள்கவிதையை அவர் வாசிக்க, மை பிளடி வாலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் கிட்டாரால் கடல் எழுப்பினார். 2005, 2006 ஆண்டுகளில் லண்டனில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளும் 2008இல் இரட்டைத் தட்டாக வந்தன. ஒரே கவிதை, இரண்டு இரவு. அடுத்தடுத்துக் கேட்டால், கிட்டார் எங்கே ஒதுங்குகிறதோ அங்கெல்லாம் வாசிப்பு எப்படி மாறுகிறது என்பது தெரியும்.

கே: 2016 நோபல் விழாவில் அவர் பாட்டை மறந்துவிட்டாரா?
– வாசகர், ஈரோடு

மறக்கவில்லை. ஸ்டாக்ஹோமில், அந்த ஆண்டு இலக்கிய நோபல் பெற்ற பாப் டிலனின் ‘எ ஹார்ட் ரெய்ன்ஸ் எ-கானா ஃபால்’ பாட்டைப் பாடும்போது பதற்றத்தில் வார்த்தைகள் வாய்க்கு வரவில்லை என்று பின்னர் அவரே எழுதினார். மன்னிப்புக் கேட்டு, அந்த இடத்தை மறுபடி தொடங்க அனுமதி கேட்டு, பாடி முடித்தார். அரங்கத்தில் பலர் கண்கலங்கினார்கள்.

கே: நான் தமிழில் கவிதை எழுதுகிறேன். நண்பர் கிட்டார் வாசிப்பார். பேட்டி ஸ்மித்தும் லென்னி கேயும் செய்ததுபோல் கவிதையும் கிட்டாரும் சேர்த்து மேடையேற முடியுமா? ஒத்திகையில் அது சினிமாப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது.
– ஆசிரியர், நாகர்கோவில்

தாராளமாக முடியும். 1971 பிப்ரவரி 10, நியூயார்க் செயின்ட் மார்க்ஸ் தேவாலயத்தில் நடந்த கவிதை வாசிப்பு. அதில் ஸ்மித்துக்கு லென்னி கே எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தார். கே அப்போது இசை விமர்சகர், பழைய ரிக்கார்டுகள் விற்கும் கடையிலும் வேலை பார்த்தார். ஒரு கவிதையில் கார் மோதும் சத்தத்தைக் கிட்டாரில் கொண்டுவர முடியுமா என்றுதான் ஸ்மித் முதலில் கேட்டார். அவர் கேட்டது மெட்டு அல்ல, ஓர் ஒலி. உங்கள் சிக்கலுக்கு விடை அதில் இருக்கிறது.

நம் கச்சேரியில் விருத்தம் பாடுகிறவர் தாளம் இல்லாமல் சொற்களை விரித்துக்கொண்டே போவார், வயலின் அவர் பின்னாலேயே வரும். அது முடிந்த பிறகே தாளத்தோடு பாட்டு தொடங்கும். ‘குளோரியா’, ‘லேண்ட்’ இரண்டும் இதே அமைப்பு. உங்கள் நண்பர் முதல் வரியிலிருந்தே சீராகத் தட்டுவதால்தான் கவிதை பாட்டாகிவிடுகிறது. முதல் ஒரு நிமிடம் அவர் தட்டவே வேண்டாம். ஒரே கார்டை விட்டு ஒலிக்கவைத்து, அது அடங்கும்போது மறுபடி ஒன்று. அவர் கவனிக்க வேண்டியது உங்கள் மூச்சை.

கவிதையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சந்தம் அழுத்தமாக உள்ள கவிதை தாளத்தோடு சேர்ந்தால் உடனே கும்மியாகிவிடும். வசனத்தை ஒட்டிய, வரி நீளம் சீரில்லாத புதுக்கவிதைதான் தாளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் வேண்டாம்.

கவிதைத் தாளில் மூன்று வரிகளுக்கு மட்டும் ஓரத்தில் கோடு போடுங்கள்: கிட்டார் நுழையும் வரி, தாளம் தொடங்கும் வரி, எல்லாம் நிற்கும் வரி. நண்பரிடமும் அதே தாளின் நகல் இருக்கட்டும். இடையில் என்ன நடந்தாலும் அந்த மூன்று இடங்களில் இருவரும் சந்தித்துவிட்டால் போதும். தாளம் ஏறும்போது வாசிப்பவரும் தன்னையறியாமல் வேகமாவது வழக்கம். அந்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு வரியைத் தாமதமாகத் தொடங்கிப் பழகுங்கள்.

மைக்கை வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வையுங்கள், ‘ப’ வெடிக்காது. கிட்டார் ஆம்ப்ளிஃபையரை உங்களுக்குப் பின்னால் வைத்தால் மைக் அதையும் பிடித்துக்கொண்டு சொற்கள் மூழ்கிவிடும். பக்கத்தில், அரங்கத்தைப் பார்த்து இருக்கட்டும். சத்தம் சோதிக்கும்போது கவிதையின் மிக மெல்லிய வரியை வாசித்துப் பாருங்கள். அரங்கத்தின் கடைசி வரிசையில் நிற்பவருக்கு அந்த வரி முழுதாகக் கேட்கும்வரை கிட்டாரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கே: இப்போதும் மேடையேறுகிறாரா? ‘ஹார்ஸஸ்’ புதிய பதிப்பு வாங்கலாமா?
– வாசகர், சிங்கப்பூர்

1946 டிசம்பரில் பிறந்தவர். ‘ஹார்ஸஸ்’ வெளிவந்து 50 ஆண்டு நிறைந்ததையொட்டி 2025இல் அந்த ஆல்பத்தை முழுதாக மேடையில் பாடினார். லென்னி கேயும் ஜே டீ டோஹர்ட்டியும் அப்போதும் உடனிருந்தார்கள். அதே ஆண்டு வந்த 50ஆம் ஆண்டுப் பதிப்பில், ஆல்பத்துக்கு முன் 1975இல் எடுத்த சோதனைப் பதிவுகளும் மாற்று டேக்குகளும் இரண்டாம் தட்டில் இருக்கின்றன. ஆல்பம் ஏற்கெனவே உங்களிடம் நல்ல நிலையில் இருந்தால் அந்த இரண்டாம் தட்டுக்காக மட்டும் வாங்கலாம். ‘குளோரியா’வின் சோதனைப் பதிவை முதலில் போட்டு, உடனே ஆல்பத்தில் உள்ளதைப் போடுங்கள். கேல் அந்த அறைக்குள் என்ன செய்தார் என்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.